ஸ்டேடியம் நெகாராவும் நம்ம கோயில் மண்டபமும்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, குளிச்சு, ஒரு டீ போட்டுக்கிட்டு உட்கார்ந்து படிங்க. விளையாட்டு அரங்கத்தைப் பற்றி கோயில் பக்கத்துல ஏன் எழுதுறாங்கன்னு தோணலாம். கடைசி வரைக்கும் படிச்சா காரணம் புரியும்.

அடுத்த மாசம் நம்ம ஆலய ஆண்டுக் கூட்டம். அதுல ஒரு தீர்மானம் வரப்போகுது. நம்ம மண்டபத்துத் தரையில பூப்பந்து ஆடுறதுக்குப் போட்டிருக்கிற கோடுகளை அழிச்சுட்டு, புதுசா பளிங்குக் கல் பதிச்சு, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் மண்டபத்தைத் திறக்கலாம்னு சில பெரியவங்க சொல்றாங்க. இளைஞர்கள் வேண்டாம்னு சொல்றாங்க. போன ஞாயிற்றுக்கிழமை கொத்தோங் ரோயோங் முடிஞ்சு உட்கார்ந்தப்போ இதே பேச்சுதான். குரல் கொஞ்சம் உயர்ந்தும் போச்சு.

அப்போ நாங்க பேச்சுவாக்குல, "ஸ்டேடியம் நெகாராவைப் பாருங்க, ஒரே கூரைக்குக் கீழ எத்தனை வேலை நடந்திருக்கு"ன்னு சொன்னோம். பக்கத்துல இருந்த ஒரு தம்பி, "அண்ணே, ஸ்டேடியம் நெகாராவா? புக்கிட் ஜாலில்ல இருக்கே, அதுவா?"ன்னு கேட்டான். அவன் மேல தப்பில்லை. அவன் பிறந்தப்போ பெரிய போட்டி எல்லாம் புக்கிட் ஜாலிலுக்குப் போயாச்சு. ஆனா வருஷா வருஷம் தைப்பூச ரதம் புறப்படுற அன்னைக்கு ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலுக்கு எங்க கூட வருவான். அங்கிருந்து நடந்து போற தூரத்துலதான் அந்த அரங்கம் இருக்கு. அதனாலதான் இதை எழுத உட்கார்ந்தோம்.

முதல்ல ஊரைப் பற்றிச் சொல்லணும்.

இன்னைக்கு நாம பார்க்கிற கோலாலம்பூரை மனசுல வச்சுக்காதீங்க. 1957-ல் எடுத்த மக்கள் தொகைக் கணக்குப்படி கோலாலம்பூரில் இருந்தவங்க 3 லட்சத்து 16 ஆயிரம் பேர்தான். மாநகர் என்ற தகுதியே 1972 பிப்ரவரி 1-ஆம் தேதிதான் கிடைச்சது. அதாவது, சுதந்திரம் கிடைச்ச காலத்துல நம்ம தலைநகர் ஒரு சின்ன ஊர்.

அந்த ஊரில் ஒரு மேடு. புக்கிட் பெட்டாலிங்னு பேர். 1929-ல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்கூடம் அங்கே வந்தது. 1953-ல் சீன சமூகத்தினரின் சின் வூ அரங்கம் வந்தது. பிறகு 1957-ல் மெர்டேக்கா அரங்கம். அந்த வருஷம் ஆகஸ்டு 31-ஆம் தேதி காலையில் துங்கு அப்துல் ரஹ்மான் ஏழு முறை "மெர்டேக்கா" என்று முழங்கிய இடம் அதுதான். இது நம்ம பிள்ளைகளுக்குப் பாடத்திலேயே வருது.

மெர்டேக்கா அரங்கம் பெருமையான கட்டடம். ஆனா அதுக்குக் கூரை கிடையாது. நம்ம ஊர் மழை தெரியும் இல்லையா? மத்தியானம் வெயில் கொளுத்தும், சாயங்காலம் இடி இடிச்சு ஊத்தும். இதுக்கு ஒரு உதாரணம் சொல்றோம். 1975-ல் உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. மலேசியாவும் இந்தியாவும் அரையிறுதியில் மோத வேண்டிய நேரத்தில் மெர்டேக்கா திடல் மழையில் ஊறிப் போச்சு. அந்த ஆட்டத்தைக் கிலாட் கிளப் திடலுக்கு மாத்த வேண்டியதாப் போச்சு. நாம 3-2 கணக்கில் தோற்றோம். அந்தத் தோல்வியைப் பற்றி இன்னைக்கும் பெருமூச்சு விடுற பெரியவங்க நம்ம கோயில்லயே இருக்காங்க.

ஹாக்கியாவது பரவாயில்லை, பூப்பந்தைத் திறந்தவெளியில் ஆடவே முடியாது. ஒரு ஷட்டலோட எடை அஞ்சு கிராம் அளவுதான். சின்னக் காத்து அடிச்சாலும் கோட்டுக்கு வெளியே போயிடும். பூப்பந்தோ நம்ம நாட்டின் உயிர் ஆட்டம். உலக அணிகளுக்கான தோமஸ் கிண்ணம் 1949-ல் ஆரம்பிச்சப்போ முதல் தடவையே ஜெயிச்சது மலாயா. 1952, 1955-லயும் நாமதான். அப்படிப்பட்ட நாட்டின் தலைநகருக்கு, காத்தும் மழையும் உள்ளே வராத ஒரு பெரிய அரங்கம் தேவைப்பட்டது.

அந்தத் தேவைக்குப் பிறந்ததுதான் ஸ்டேடியம் நெகாரா. மெர்டேக்கா அரங்கத்துக்குப் பக்கத்திலேயே கட்டினாங்க. ரெண்டு அரங்கத்துக்கும் பின்னால் இருந்தவர் பொதுப்பணி இலாகாவின் பொறியாளர் ஸ்டான்லி ஜூக்ஸ். 1962 ஏப்ரல் 10-ஆம் தேதி, மூன்றாவது மாமன்னர் துவாங்கு சையிட் புத்ரா அதைத் திறந்து வைத்தார். சுமார் 10,000 பேர் உட்காரலாம். நம்ம நாட்டின் முதல் பெரிய உள்ளரங்கம் அதுதான். 3 லட்சம் பேர் இருந்த ஊருக்கு 10,000 பேர் உட்காரும் கூரை என்றால், அது எவ்வளவு பெரிய துணிச்சல்னு யோசிச்சுப் பாருங்க.

அதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. நடுவில் தூண் கிடையாது. கூரையின் பாரம் முழுக்க ஓரத்துக்குப் போயிடும். நடுவில் இருக்கிறது வெறும் தரைதான். அந்தத் தரையில் பூப்பந்து வலை கட்டலாம். வலையை அவிழ்த்துட்டுக் கூடைப்பந்துக்குக் கம்பம் நிறுத்தலாம். அதையும் எடுத்துட்டுக் குத்துச்சண்டை மேடை போடலாம். மேடையை ஓரமாப் போட்டா பாட்டுக் கச்சேரி, நாற்காலி வரிசையாப் போட்டா கூட்டம்.

எங்க குழுவில் பாதிப் பேர் தொழிற்சாலைக்காரங்க. எங்களுக்கு இது நல்லாவே புரியும். ஒரே லைன்ல காலையில ஒரு பொருள் ஓடும், மத்தியானம் அச்சை மாத்திட்டு வேற பொருள் ஓடும். மெஷின் சும்மா நிக்கக் கூடாது. சும்மா நிக்கிற மெஷின்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரு கட்டடமும் அப்படித்தான்.

1965-ல் இந்த அரங்கம் ஓய்வே இல்லாம வேலை செஞ்சது. ஆகஸ்டு மாசம் சிங்கப்பூர் பிரிஞ்சு போச்சு. நாட்டுக்கு மனசு சரியில்லாத நேரம். அதே வருஷக் கடைசியில் ஆசியக் கூடைப்பந்துப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. ஜப்பான் ஜெயிச்சது. அது முடிஞ்ச கையோட டிசம்பரில் மூன்றாவது சியாப் விளையாட்டுப் போட்டி. இன்னைக்கு நாம சீ விளையாட்டுன்னு சொல்றது அதைத்தான். மலேசியா அதை ஏற்று நடத்தியது அதுதான் முதல் முறை. வெளித்திடல் ஆட்டங்கள் மெர்டேக்காவில், கூரை தேவைப்பட்ட ஆட்டங்கள் நெகாராவில். பக்கத்து நாடுகள் எல்லாம் வந்து பார்த்தாங்க. சின்ன ஊரா இருந்தாலும் இந்த ஊரால முடியும்னு காட்டியாச்சு.

இனி சொல்லப்போறது விளையாட்டு இல்லை.

1969 மே 13. அந்தத் தேதியைச் சொன்னாலே பெரியவங்க முகம் மாறும். கோலாலம்பூரில் கலவரம். ஊரடங்கு. வீடு எரிஞ்சவங்க, உயிருக்குப் பயந்து கையில் கிடைச்சதை எடுத்துக்கிட்டு ஓடி வந்தவங்க. அவங்களை எங்கே வைக்கிறது? அந்த மேட்டில் இருந்த கட்டடங்கள்தான் கதவைத் திறந்தன. மெர்டேக்கா அரங்கம், நெகாரா அரங்கம், சின் வூ அரங்கம், எல்லாம் அகதிகள் தங்கும் இடங்களாக மாறின. பூப்பந்து ஆடின தரையில் பாய் விரிச்சு, குழந்தை குட்டியோட ஜனங்க படுத்தாங்க. கூடைப்பந்துக் கோடு போட்டிருந்த இடத்தில் சோறும் தண்ணியும் வரிசையில் கொடுத்தாங்க.

இந்த இடத்தில் நாங்க கொஞ்சம் நின்னு யோசிக்கிறோம். அந்த அரங்கத்தைக் கட்டினப்போ யாராவது "இது ஒரு நாள் அகதிகளுக்கு வீடாகும்"னு வரைபடத்தில் எழுதியிருப்பாங்களா? எழுதியிருக்க மாட்டாங்க. விளையாட்டுக்குன்னு கட்டினது. ஆனா தரை காலியா இருந்தது, கூரை ஒழுகலை, கழிவறை இருந்தது, தண்ணீர்க் குழாய் இருந்தது, கதவோட சாவி யார் கிட்ட இருக்குன்னு தெரிஞ்சிருந்தது. தினமும் புழங்குற கட்டடமா இருந்ததாலதான் ஆபத்து நேரத்தில் உடனே உதவ முடிஞ்சது.

ஒரு வருஷம் போச்சு. நாடாளுமன்றம் இன்னும் திறக்கப்படாத நேரம். 1970-ல் தோமஸ் கிண்ண இறுதி ஆட்டம் அதே நெகாரா அரங்கத்தில் நடந்தது. மலேசியா, இந்தோனேசியா. அதுக்கு முன்னால் 1967-ல் ஜகார்த்தாவிலேயே அவங்களை மலேசியா ஜெயிச்சிருந்தது. இந்தத் தடவை நம்ம வீட்டில் வச்சு அவங்க 7-2 கணக்கில் நம்மை ஜெயிச்சுட்டாங்க.

அந்த மலேசிய அணியில் நம்ம பிள்ளை ஒருத்தர் இருந்தார். சிரம்பானில் பிறந்த பஞ்ச் குணாளன். தோற்ற வேதனையோட அவர் நின்னுடலை. அதே 1970-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஒற்றையர் தங்கம் அவருக்குத்தான். 1971-ல் இங் பூன் பீயோட ஜோடி சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம். 1974-ல் காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம். ஆட்டத்தை விட்ட பிறகும் பூப்பந்து நிர்வாகத்தில் உலக அளவில் பெரிய பொறுப்பு வகிச்சார். 2012-ல் காலமானார். நம்ம பிள்ளைகள் சினிமா நடிகர் பேரை எல்லாம் வரிசையாச் சொல்றாங்க. குணாளன் பேரைக் கேட்டா முழிக்கிறாங்க. இனிமேலாவது சொல்லிக் கொடுப்போம்.

அதுக்கப்புறம் நெகாரா அரங்கம் தோல்விகளைத்தான் அதிகம் பார்த்தது. 1984-ல் தோமஸ் கிண்ணம் மறுபடி கோலாலம்பூருக்கு வந்தது. இறுதியில் இந்தோனேசியா சீனாவை 3-2 கணக்கில் ஜெயிச்சது. நாம பார்வையாளர்கள். 1988-லும் இங்கேதான். அந்தத் தடவை நாம இறுதிக்கு வந்துட்டோம், ஆனா சீனா 4-1 கணக்கில் ஜெயிச்சது. 1990-ல் டோக்கியோவிலும் இறுதியில் சீனாகிட்டயே தோல்வி.

பிறகுதான் 1992 மே 16.

அன்னைக்கு எங்களுக்கு இருபது வயசு சுமார். கோயில் பின்பக்கம் அப்போ தகரக் கொட்டாய்தான். அங்கே ஒரு பழைய டிவி. நைட் ஷிஃப்டு போக வேண்டியவங்க பாதிப் பேர் போகலை. பூசை முடிஞ்சதும் குருக்கள் ஐயா கூட வந்து ஓரமா நின்னார். மறுபடி இந்தோனேசியா. பந்திங்கில் இருந்து வந்த சிடேக் சகோதரர்கள் நம்ம பக்கம். ரஷிட் சிடேக் ஒற்றையரில் ஜெயிச்சுக் கொடுத்தார். ராசிப், ஜலானி இரட்டையரில் ஜெயிச்சாங்க. கடைசியில் சியா சூன் கிட், சூ பெங் கியாங் ஜோடி கிண்ணத்தை உறுதி பண்ணின மூன்றாவது புள்ளியை எடுத்தாங்க. மொத்தக் கணக்கு 3-2. 25 வருஷம் கழிச்சு தோமஸ் கிண்ணம் திரும்பி வந்தது. தகரக் கொட்டாயில் நாங்க போட்ட சத்தத்துக்கு மரத்துல இருந்த காக்கா எல்லாம் பறந்து போச்சு. எதிர்வீட்டு மலாய்க்கார பக்சிக் சாரத்தோட ஓடி வந்து எங்களைக் கட்டிப் பிடிச்சார். மூலைக் கடை சீனக் கிழவர் எல்லாருக்கும் ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தார், காசு வாங்கலை.

1969-ல் ஜனங்க பயந்து படுத்துக் கிடந்த அதே தரையில், 23 வருஷம் கழிச்சு, மலாய்க்காரப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் ஒரே சட்டை போட்டுக் கிண்ணத்தைத் தூக்கினாங்க. அந்த ரெண்டு நாளையும் பார்த்தது ஒரே கூரை. இதை நாங்க பெரிய விஷயமா நினைக்கிறோம்.

அதே வருஷம் பார்சலோனா ஒலிம்பிக்கில் ராசிப், ஜலானி வெண்கலம் ஜெயிச்சாங்க. மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

உச்சத்துக்குப் போன பிறகு இறக்கம் வரும்னு சொல்வாங்க. நெகாரா அரங்கத்துக்கும் வந்தது. 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காக புக்கிட் ஜாலிலில் புது விளையாட்டு வளாகம் எழும்பியது. அங்கே புத்ரா உள்ளரங்கம், நெகாராவை விடப் பெரியது. பெரிய போட்டிகள் ஒவ்வொண்ணா அங்கே போக ஆரம்பிச்சது. ஊர் நடுவில், தங்கம் விலைக்குப் போற நிலத்தில், ரெண்டு பழைய அரங்கம் எதுக்குன்னு கேள்வி வந்தது. 1990களில் அந்த இடத்தை வணிக வளாகமாக்குற திட்டமும் வந்தது. 1997-ல் பொருளாதாரம் விழுந்தப்போ அந்தத் திட்டமும் விழுந்தது. நமக்குக் கஷ்ட காலம், அந்தக் கட்டடங்களுக்கு அதுவே ஆயுள் பலமாப் போச்சு.

2003-ல் மெர்டேக்கா அரங்கத்தை தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவிச்சாங்க. 2007-ல், சுதந்திரப் பொன்விழாவுக்கு, பிறகு சேர்த்த மாடிகளை எடுத்துட்டு 1957-ல் இருந்த தோற்றத்துக்குக் கொண்டு வந்தாங்க. அதுக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைச்சது. இப்போ பக்கத்தில் 118 மாடி மெர்டேக்கா கோபுரம், 678.9 மீட்டர் உயரம், வானத்தைத் தொட்டுக்கிட்டு நிக்குது. அதைப் படம் எடுக்க வர்றவங்க கூட்டம் கூட்டமா வர்றாங்க. கீழே அமைதியா உட்கார்ந்திருக்கிற நெகாராவை நிறைய பேர் கவனிக்கிறது கூட இல்லை. எம்.ஆர்.டி. மெர்டேக்கா நிலையத்தில் இறங்கினா பக்கம்தான். அடுத்த தைப்பூசத்துக்கு முன்னாடி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டுங்க.

இப்போ நம்ம மண்டபத்துக்கு வருவோம்.

பளிங்குக் கல் போடணும்னு சொல்ற பெரியவங்க மேல எங்களுக்குக் கோபம் இல்லை. அவங்க சொல்ற குறையில் உண்மை இருக்கு. போன மாசம் சாயரட்சை பூசை நேரத்தில் உள்ளே மணி அடிக்குது, வெளியே பசங்க "அவுட்டு, அவுட்டு"ன்னு கத்துறாங்க. ஒரு தடவை யாரோ கோழி பர்கர் பொட்டலத்தை மண்டபத்தில் போட்டுட்டுப் போயிட்டாங்க. அது தப்புதான். நாங்களே அந்தப் பசங்களைக் கூப்பிட்டுக் கண்டிச்சோம். கோயில் சன்னிதானத்துக்குன்னு ஒரு பவித்திரம் உண்டு. அதை விட்டுக் கொடுக்க முடியாது.

ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க. 2021 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? கிள்ளான் பள்ளத்தாக்கே தண்ணியில் மிதந்தது. அன்னைக்கு நம்ம மண்டபத்தில் ராத்திரி பகலா சோறு வடிச்சோம். பொட்டலம் கட்டினது யாரு? தோள் அளவு தண்ணியில் படகைத் தள்ளிக்கிட்டுப் போனது யாரு? பூப்பந்து ஆட வந்த அந்தப் பசங்கதான். அவங்களில் பல பேர் முதல்ல சாமி கும்பிட வரலை, ஆடத்தான் வந்தாங்க. ஆட வந்தவங்க நின்னாங்க. நின்னவங்க தண்ணீர்ப் பந்தலுக்கு வந்தாங்க. இன்னைக்கு உருமி அடிக்கிறதும், அன்னதானத்தில் பரிமாறுறதும், தேர் வடம் பிடிக்கிறதும் அவங்கதான். கோட்டை அழிச்சா அந்த வழியும் அடைஞ்சு போகும். அந்த நேரத்தில் அவங்க எங்கே போய் நிப்பாங்கன்னு நமக்கெல்லாம் தெரியும். நம்ம வட்டாரத்தில் அந்த வயசுப் பிள்ளைகளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கிற மற்ற இடங்கள் எப்படிப்பட்டதுன்னு நாங்க விளக்க வேண்டியதில்லை.

அதனால கூட்டத்துக்கு முன்னாடி எங்க யோசனையை வைக்கிறோம். கோடு இருக்கட்டும். பூசை நேரத்தில் ஆட்டம் கிடையாது. வெள்ளிக்கிழமையும் திருவிழா நாட்களும் முழுக்க மூடி. அசைவம் உள்ளே வரக் கூடாது, மீறினா ஒரு மாசம் தடை. ஆடுறவங்க வாரம் ஒரு நாள் மண்டபத்தைக் கழுவித் துடைக்கணும். பளிங்குக் கல்லுக்கு ஒதுக்கின காசில் முதல்ல கூரை ஒழுகலையும் கழிவறையையும் சரி பண்ணுவோம். பளிங்கில் தண்ணி பட்டா வழுக்கும், நாற்காலி இழுத்தா கீறும், யாரும் அதில் பாய் விரிச்சுப் படுக்க நாம மனசார விட மாட்டோம். சிமெண்டுத் தரைதான் எல்லாரையும் தாங்கும்.

எங்க கருத்துதான் சரின்னு சொல்ல வரலை. பெரியவங்க வேற விதமா நினைச்சா கூட்டத்துக்கு வந்து சொல்லுங்க, காது கொடுத்துக் கேட்கிறோம். சந்தா கட்டாதவங்க கூட்டத்துக்கு முன்னாடி கட்டிடுங்க, அப்போதான் கை தூக்க முடியும்.

அந்தத் தம்பியை வர்ற ஞாயிற்றுக்கிழமை நெகாரா அரங்கத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறோம். வேன்ல இன்னும் ஆறு இடம் இருக்கு. காலை 8 மணிக்குக் கோயில் வாசல்ல இருந்து கிளம்பும். மகாமாரியம்மனைத் தரிசிச்சுட்டு, அங்கிருந்து நடந்தே போகலாம்.

அம்மன் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர் குழு